பின்னால் வருவது

பள்ளிக்கூடம் மூடியதால் விலைக்கு வந்த பேருந்து.
மஞ்சளின் மேல் இரண்டு கோட்டிங் சாம்பல் அடித்தும்
வெயில் சாய்ந்தால் பழைய எழுத்துகள்
மேலே வந்துவிடுகின்றன: குழந்தைகள், நிதானம்.
உள்ளே கட்டில், அடுப்பு, எண்பது லிட்டர் தண்ணீர்.
ஸ்டியரிங்கில் நான்,
நாற்பத்தொன்பதில் ஹெவி லைசென்ஸ் எடுத்தவள்.

இது நுழையாத இடத்துக்குப்
பின்னால் ஒன்று வேண்டும் என்றாய் தயாபரா.
ஆறு வாரம் வீடெல்லாம் எடைக் கணக்கு,
மளிகைச் சீட்டின் முதுகில்கூட.
தார், ஆயிரத்து எழுநூறு கிலோ.
நம் வண்டி அதை இழுத்துவிடும், நிறுத்தாது.
ஜிம்னி நல்ல பிள்ளை,
விலைதான் மாப்பிள்ளை வீட்டார் பேசுவது போல.
கடைசியில் ராமமூர்த்தி நகரில் ஒரு தகர ஷெட்,
பச்சை உரிந்த ஜிப்ஸி, ஒரு டன்னுக்குச் சற்றுக் கீழே.
நீ பானெட்டைத் திறக்கவில்லை.
குட்டிக் கியரை நியூட்ரலில் போட்டு
ஒரு கையால் தள்ளினாய்.
நகர்ந்தது.
"போதும், இதுக்கு இழுபடத் தெரியுது."
எனக்கென்னவோ அது பாராட்டாகப் படவில்லை.

ஜே.சி. ரோட்டில் முனவ்வர் பாய் கடை.
கடைவாய்ப் பல் மாதிரி கட்டை கட்டையாய் மட் டயர்.
அதன் பள்ளங்களில் உன் விரல்
எங்கெங்கோ போய் வந்தது.
"சேத்துல எவ்ளோ ஓடும் சார்?"
"ஒரு பத்து கிலோமீட்டர்."
"ரோட்டுல?"
"இழுபட்டு... ஆயிரம், ஆயிரத்தைநூறு."
"அப்ப அந்த ஆயிரத்துக்கு வாங்குங்க.
எஞ்சின் தூங்கிடும் சார். டயர் தூங்காது."

கடைப்பையன் பரணிலிருந்து வேறொரு செட் இறக்கினான்.
பாதி விலை. ரப்பர் மயிர்கூட உதிரவில்லை.
பக்கவாட்டில் நான்கு எண்கள்: 1117.
பதினேழாம் வருஷம், பதினோராவது வாரம்.
"ஓடவே இல்ல மேடம்."
"ஓடாட்டியும் வயசாகும்" என்றேன்.
பாய் பையனை முறைத்தார்.
நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
அந்த மார்ச்சில்தான் மூன்றாவது முறையாக
ஸ்பிட்டி டிக்கெட்டை ரத்து செய்தோம்,
உன் ஆடிட்டுக்காகவோ, என் அப்ரைசலுக்காகவோ.

இந்த வருஷத்து ஆல்-டெரெய்ன் நான்கு, ஸ்டெப்னி ஒன்று.
உனக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டார்கள்:
"இழுத்துட்டுப் போறீங்கன்னா, ரிப்பேரா?"
"இல்லைங்க, நல்லா ஓடுது."
"ஓடுற வண்டிய ஏன் இழுக்கறீங்க?"
நீ வாயைத் திறந்தாய், மூடினாய்.

முதல் ஓட்டம், விடிகாலை நான்கு மணி, ரிங் ரோடு.
கண்ணாடியில் ஆளில்லாத ஜிப்ஸி
ஸ்டியரிங்கைத் தானே திருப்பிக்கொண்டு வந்தது,
சொன்ன பேச்சு கேட்பதாக.
மேப் சொன்ன குறுக்கு வழி பாணஸ்வாடிச் சந்தில் இறக்கியது.
சந்தின் முடிவில் தண்ணீர் லாரி.
டிரைவர் எங்கேயோ தூக்கத்தில்.

ஆறு வாரக் கணக்கில் நாம் எழுதாத ஒன்று:
இந்தக் கூட்டுக்கு ரிவர்ஸ் கிடையாது.
பின்னால் எடுத்தால் முக்கோணக் கம்பி
முழங்கை மாதிரி மடங்கிவிடும்.

லுங்கியை மடித்துக் கட்டி இறங்கினாய்.
பின்னைச் சுத்தியலால் தட்டும் சத்தத்துக்கு
இரண்டு மாடிகளில் விளக்கு எரிந்தது.
ஜிப்ஸி ஒரு தும்மல் தும்மி
தன் காலில் தானே பின்வாங்கிப்போய்
சந்து முனையில் நின்றது.
எதிர்வீட்டு வாட்ச்மேன் எழுந்து வந்து
கையை வீசினார்: "பன்னி, பன்னி."
'வாங்க' என்கிறார், அவ்வளவுதான்.
இருபத்தெட்டு வருஷமாகியும்
அந்த மரியாதையை என் தமிழ்க் காது
ஒரு நொடி வசவாகவே கேட்கிறது.

கண்ணாடியில் நீயும் சேர்ந்துகொண்டாய்,
ஹெட்லைட்டுக்கு முன்னால் கறுப்பு உருவமாக,
இரண்டு கையாலும் அழைத்து: பன்னி, பன்னி.
வயிறு குலுங்கியதில் கிளட்ச் நிற்கவில்லை.
ஏழு மீட்டர் பேருந்தை
அங்குலம் அங்குலமாகப்
பின்னால் எடுத்தேன்,
உங்கள் இருவரையும் நோக்கி.