காலணி

அப்பாவின் கால் வீங்கியிருந்தது.

அதுவரை அண்ணன் ஜிங்யான்
ஒரு முறைமையையும் பிசகவிடவில்லை.
கிழக்குப் படியில் யார், மேற்குப் படியில் யார்,
எத்தனை முறை நெற்றி தரையைத் தொட வேண்டும்,
எந்த உறவுக்கு எவ்வளவு முரட்டுச் சணல்,
யாருடைய அழுகை எங்கே நிற்க வேண்டும்,
எல்லாம் அவனுக்கு விரல்நுனியில்.
அங்கியின் மடிப்பையும் அவன்தான் மாற்றிவைத்தான்:
இருப்பவர்க்கு வலப்பக்கம், போனவர்க்கு இடப்பக்கம்.
அவிழ்க்கும்படி ஒரு முடிச்சும் இருக்கக் கூடாதாம்.
இனி அவிழ்க்க யார் வரப்போகிறார்?

ஒன்பதாம் படி அதிகாரி எங்கள் அப்பா.
அதற்குக் கீழே படி இல்லை.
நெஞ்சுச் சதுரத்தில் பட்டுநூலில் ஒரு காடை.
இறக்கை உண்டு, ஆனாலும்
பெரும்பாலும் நடந்தே போகிற பறவை.

இருபத்தாறு வருடம் களஞ்சியக் கணக்கு.
ஒரு மரக்கால் குறைந்தால் அன்றிரவு தூக்கம் இல்லை.
பஞ்சத்தின்போது மேலிடம் கண்ணடித்தது.
"எலி தின்றதை எலி பெயரில் எழுதுவேன்,
ஆள் தின்றதை எழுத மாட்டேன்" என்றார்.
அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம்
அது பெருமையா புகாரா என்று
எனக்குப் பிடிபட்டதில்லை.

மாலை முரசு அடங்கியதும் அதே மனிதர்
தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு
சின்ஆன் ஆற்றுக்குப் போவார்.
தூண்டில் இருக்கும், புழு மறந்திருக்கும்.
படகின் கட்டை அவிழ்த்துவிட்டு
துடுப்பை மடியில் கிடத்திக்கொள்வார்.
ஆறு எங்கே விட்டதோ அங்கே இறங்கி
இருட்டில் நடந்து வீடு வருவார்.
"மீன் எங்கே?"
"ஆற்றில்."

கன்பூசியப் பள்ளியில் அண்ணன் சேர்ந்தான்.
பெண்ணுக்குப் பள்ளி இல்லை.
ஆகவே படகில் ஒரு மூலை எனக்குக் கிடைத்தது.

பதவியில் இருக்கும்வரை ஒரு நெறி,
பதவி போனபின் மறு நெறி என்பார்கள் எங்கள் ஊரில்.
அப்பாவுக்குப் பதவி போகவே இல்லை.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று
சித்தப்பா கேலி செய்வார்.
அப்பா குனிந்து
தன் கால்களைப் பார்ப்பார்,
எது எது என்று தேடுவதுபோல.

மலைக்கோயிலிலிருந்து வந்த தாவோ பூசாரி
மஞ்சள் தாளில் மேலுலகுக்கு மனு எழுதினார்.
அனுப்புநர், பெறுநர், துறை, தேதி, சிவப்பு முத்திரை.
சாவு வீட்டில் எனக்குச் சிரிப்பு முட்டியது.
கட்டவிழ்த்துவிடுபவர்கள் என்று நான் நம்பியவர்கள்
வானத்திலும் ஓர் அலுவலகம் நடத்துகிறார்கள்.
வரிசை இருக்கும், காத்திருப்பு இருக்கும்,
எலிகூட இருக்கலாம்.
அண்ணனோ, எல்லாம் சரியாக நடக்கிறது என்று
உறுதியான நிமிடத்தில் பின்வாசலுக்குப் போய்
மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்,
வாய் லேசாகத் திறந்திருக்க.

பிறகுதான் காலணி.
கறுப்புப் பட்டு, வெள்ளை அடி.
தள்ளினான். திருகினான். அரிசிமாவு தூவினான்.
கால் சண்டை போடவில்லை;
போகவில்லை, அவ்வளவுதான்.

"பின்தையலைக் கீறிவிடு" என்றார் சித்தப்பா.
அண்ணன் கத்தியோடு காலணியைக் கவிழ்த்தான்.
காய்ந்த சேறு உதிர்ந்தது.
அதோடு ஒரு மீன்செதிள்,
விழுவதற்கே நேரம் எடுத்துக்கொண்டது.

"இதோடு அப்பா ஆற்றில் இறங்கினாரா?"
"ஒருமுறை."
"எப்போது?"
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
"நீ தேர்வில் தோற்று வந்த அன்று.
முழங்கால் தண்ணீரில் இருட்டும்வரை நின்றார்."
"அன்றைக்கு என்னை அவ்வளவு திட்டினாரே."
"திட்டி முடித்துவிட்டுத்தான் போனார்."

கத்தியைக் கீழே வைத்தான்.
"இப்படியே இருக்கட்டும்" என்றான்,
"இதற்கும் எங்காவது ஒரு விதி இருக்கும்."
இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

மூடி இறங்கும்வரை அந்த வெறுங்கால்கள்
வெளிச்சத்தில் கொஞ்சம் கூச்சத்தோடு கிடந்தன.
மூத்த மகனின் அழுகை
மூன்றாம் மணியோடு நிற்க வேண்டும்.
மணி அடித்தது.
பூசாரி பொறுத்துப் பார்த்துவிட்டு
இன்னொரு முறை அடித்தார்.