மஞ்சள் வயர்

பேட்டரி மாற்றிய அன்று
ரேடியோ நாலு இலக்கம் கேட்டது.
இந்த ஐகானுக்கு நான் மூன்றாவது சொந்தக்காரி.
முதல் ஆள் நாசரேத். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான்.
இரண்டாவது ஆள் பேட்டை. போனில் கொட்டாவி விட்டார்:
"ரேடியோவா? அதுல இருந்துச்சா?"
என் பிறந்த வருஷம், வண்டி நம்பர்,
நாலு சைபர், நாலு ஒன்பது.
பத்தாவது தப்புக்குப் பிறகு
அது கேட்பதையும் நிறுத்திவிட்டது.

செவ்வாய்க்கிழமை, மேலப்பாளையம் சந்தை.
கோமாரி ஊசி முடித்து
சாணி காயாத பூட்ஸோடு
ஷேக் மீரான் கடை வாசலில் நிறுத்தினேன்.
கம்பெனி சாவி அவரிடம் கிடையாது.
சைக்கிள் கம்பி இரண்டைக் கொண்டை ஊசி போல் வளைத்து
முகப்பின் நாலு துளையில் சொருகி ஒரு நெம்பு.
வந்தது,
நஞ்சுக்கொடி விழாத மாடு மாதிரி
பின்னால் வயர் தொங்க.

பிறகு கையை உள்ளே விட்டார், மணிக்கட்டு வரை.
விட்டதும் அவர் பார்வை
எதிர்க்கடை டயர் அடுக்கில் போய் நின்றது.

எனக்குத் தெரியும் அந்தப் பார்வை.
கன்று குறுக்கே கிடக்கும்போது
தோள்வரை உள்ளே போன நான்
கூரைத் தகரத்தில் ஒரு பல்லியைப் பார்ப்பேன்.
பல்லிக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.
கண்ணை எங்கேயாவது வைக்க வேண்டும்,
விரல் படித்து முடிக்கும் வரை:
இது குளம்பு.
இது முழங்கால், மடங்கியிருக்கிறது.
இது கொடி, இழுக்காதே.

மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.
நீல வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றேன்.
"கொறைக்கலாம் டாக்டரம்மா. எப்படின்னுதான் தெரியல."

புது செட்டுக்கு ஒரு குணம்.
சாவியை எடுத்தால் எல்லாம் மறந்துவிடும்.
நெல்லை வானொலியை, என் போனை, நான் குறைத்து வைத்த சத்தத்தை.
முக்கூடல், இடைகால், பாப்பாக்குடி,
ஒரு நாளில் பதினொரு தொழுவம்;
பதினொரு முறையும் உச்சக் குரலில்
என்னைப் புதிதாக வரவேற்றது.
ஒரு கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியே போயிற்று.

மீரான் போனில் சிரித்தார்.
"மஞ்சளும் செவப்பும் மாறிக் கெடக்கு.
செவப்பு, சாவி போட்டா முழிக்கும்.
மஞ்சளுக்கு ஒறக்கமே கெடயாது, ஞாவகம் பூரா அதுலதான்.
இந்த வண்டில கம்பெனிக்காரனே தலைகீழாத்தான் வச்சிருப்பான்,
நான் பாக்காம வுட்டுட்டேன். செவ்வாக்கெழம வாங்க."

அன்று வியாழன்.
பாப்பாக்குடியில் முப்புடாதியின் தலையீத்துப் பசு
இன்னும் பனிக்குடம் உடையாமல் நின்றது.
காத்திருக்கிற நேரம்தானே.
பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றிவிட்டு
செட்டோடு வந்த தகடு இரண்டையும் சொருகி இழுத்தேன்.
முப்புடாதி போன் டார்ச்சைப் பிடித்தாள்.
"நீங்க மாட்டு டாக்டர்னுல்லா சொன்னாவ?"

கை உள்ளே போனதும்
என் கண் தானாக வெளியே போனது,
வாய்க்கால் கரையில் ஒரு கொக்கு.
வெட்டி, மாற்றி முறுக்கி,
பைக்குள் இருந்த மருந்துப் பிளாஸ்டரைச் சுற்றினேன்.
காயம்தானே அதுவும்.
கறுப்பு முனையை மாட்டி, சாவி போட்டு, சத்தத்தைக் குறைத்து
மணி பன்னிரண்டு என்று அது சொன்ன பொய்யைத்
திருத்தக்கூட நேரமில்லை.
"தண்ணி ஒடஞ்சிட்டு!" என்றாள் முப்புடாதி.
அணைத்துவிட்டு ஓடினேன்.

ஒரு முன்னங்கால் பின்னால் மடிந்து கிடந்தது.
குளம்பை உள்ளங்கையில் பொதிந்து
முன்னே கொண்டுவந்து, இழுத்தோம் இரண்டு பேரும்.
செவலை. காளைக்கன்று.
மூக்கில் வைக்கோல் விட்டதும் தும்மியது.
"காளையா," என்றாள் அவள், சற்று இறங்கிய குரலில்.

கை கழுவிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன்.
சத்தம் போடவில்லை.
குறைத்த இடத்திலேயே மெல்லப் பேசியது வானொலி,
ஏதோ உர மானியம் பற்றி.
நீல எழுத்தில் மணி
பன்னிரண்டு நாற்பத்து மூன்று.
வெளியே சாயங்காலம் ஐந்தைத் தாண்டியிருந்தது.

ஈற்றுப் பதிவேட்டை விரித்து
எடுத்துக்கொண்ட நேரம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
நாற்பத்து மூன்று நிமிடம்.