வெள்ளை

லங்காப் ஆலையில் என் வேலை,
லோரி கொட்டும் செம்பனைக் குலைகளைத்
தடியால் புரட்டிப் பார்த்து
பழுத்தது, பழுக்காதது, அழுகியது என்று சொல்வது.
பதினேழு வருஷம்.
வெயில் பட்ட பக்கம் மட்டும் சிவந்து ஏமாற்றும் காய் உண்டு.
கறுத்தே கிடந்து எண்ணெய் கசியும் பழம் உண்டு.
நிறத்தை நம்பக் கூடாது.
கீழே எத்தனை உதிரி என்று
குனிந்து எண்ண வேண்டும்.

அன்றைக்கு எண்ண மறந்தேன்.

ஈப்போவில் அவருக்கு
மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு
இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.
"நல்லபடியா முடிஞ்சதுக்கா" என்று மிஸ்ஸி சொன்ன
மைலோ ஆறுவதற்குள்
என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்றார்.
பிறகு தன் இடது கையைத் தேடினார்,
கட்டிலுக்கு அடியில்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.
மூளையின் மடிப்புகளில் எல்லாம்
தேங்காய்ப்பால் ஊற்றியது போல் வெள்ளை.
"ரத்தக் கசிவு மாதிரி இருக்கு" என்றார் சின்ன டாக்டர்.
அந்த 'மாதிரி' என் காதில் விழவே இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை நிறுத்தினார்கள்.
கொடுத்தால் தலைக்கு ஆபத்து,
கொடுக்காவிட்டால் நெஞ்சுக்கு.
என் தம்பி நாகையா அதற்குள்
ஆ செங் கடையில் கூடாரத்துக்கு
ஐம்பது வெள்ளி முன்பணம் கட்டிவிட்டான்.
அறுபது நாற்காலி. மழை நாள், தார்ப்பாய்க்குத் தனிக்காசு.

ராத்திரி பன்னிரண்டரைக்கு
அவர் காதருகே குனிந்தேன்.
"நீங்க போங்க, நான் சமாளிச்சுக்குவேன்."
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"உங்களோட வீட்டுல இருந்ததவிட
ராத்திரி ஷிஃப்ட்தான் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

காலையில் டாக்டர் ஹஸ்லினா வந்தார்.
வெள்ளையின் மேல் அம்பை வைத்து
ஏதோ எண்ணை வாசித்தார்,
இன்னொரு இடத்தில் வைத்து வாசித்தார்.
ரத்தம் இவ்வளவு வெளிச்சம் காட்டாது என்றார் மலாயில்.
இதயத்தைப் பார்க்க ஊற்றின சாயம்
மூளைக்குள் ஊறியிருக்கலாம்,
நாளைக்கு மறுபடி எடுப்போம்.

மறுநாள் படத்தில்
அந்த வெள்ளை இல்லை.
மாத்திரை திரும்ப வந்தது.
மூன்றாம் நாள்,
"தவமலரு, ஒரு கோப்பி ஓ கிடைக்குமா?"

ஆ செங் முன்பணத்தைத் தரவில்லை.
எப்படியும் ஒருநாள் கழித்துக்கொள்ளலாம் என்றானாம்.
நாகையா அவனை அடிக்கப் போய்
டைகர் பீர் குடித்துவிட்டுத் திரும்பினான்.

சாயம் எல்லாம் சிறுநீரில் போய்விட்டது என்கிறார்கள்.
இப்போது இடது கையாலும் சட்டைப் பொத்தான் போடுகிறார்.

நேற்று சோறு பிசைந்துகொண்டே கேட்டார்:
"இந்த வாரம் உனக்கு ராத்திரி ஷிஃப்ட்டா?"

சாதாரணமாகத்தான் கேட்டார்.
முகத்தை நன்றாகப் பார்த்தேன்.
பதினேழு வருஷம் பார்த்த கண்.
ஒன்றும் சொல்ல முடியவில்லை.
தட்டைச் சுற்றி உதிர்ந்த பருக்கைகளைக்
குனிந்து பொறுக்கினேன்.