ஏழாம் பெட்டி

பாகோட்டில் ரப்பர் தளிர்விட்ட மாசி.
இலைக்காம்பில் கசிகிறது,
பூவுக்குக் காத்திராத தேன்.
நாற்பது பெட்டிகளில் ஏழாவதற்கு மட்டும்
பக்கவாட்டில் பழைய ஜன்னல் கண்ணாடி பதித்து
கறுப்புத் துணி தொங்கவிட்டிருக்கிறேன்.
டிவி பார்க்கப் போயிட்டா என்பான் எட்வின்.

ஒன்பது மணிக்குத் துணியை ஒரு விரற்கடை விலக்கினால்
ஒருத்தி ஆடிக்கொண்டிருக்கிறாள்.

அடையில் நேர்மேல் என்றால் சூரியன்.
இவள் அதற்கு வலப்பக்கம் சாய்ந்து
வாலை உதறி உதறி ஓடுகிறாள்,
சுற்றி வந்து மறுபடி அதே சாய்வு.
நாலைந்து பேர் நெருக்கி நின்று
உணர்கொம்பால் அவளைத் தடவித் தடவி வாசிக்கிறார்கள்.

ரப்பர் இருப்பது மேற்கே.
இவள் காட்டுவது தென்கிழக்கு.
உதறும் நேரத்தை எண்ணிப் பார்த்தேன்.
அரைக் கிலோமீட்டர், கூடிப்போனால் கொஞ்சம் அதிகம்.
அந்தப் பக்கம் இப்போது என்ன பூக்கிறது?

சர்ச் மதில். மரச்சீனி விளை.
தண்ணீர் இல்லாத கால்வாய்.
அதைத் தாண்டி ஆறு பனை.

தங்கையன் அப்போதுதான் இறங்கியிருந்தார்.
சுண்ணாம்பு பூசிய கலயத்தைச் சாய்த்து
அக்கானியைத் துணியில் அரித்தார்.
துணியில் மிஞ்சியது ஒரு கைப்பிடி ஈ.
"இதெல்லாம் ஒங்களுக்க ஈயா?
தெனமும் இவ்வளவு விழுது."

விளிம்பில் நின்று குடித்தவள்
வயிறு நிறைய வீடு திரும்பி ஆடுகிறாள்.
திசை சரி, தூரம் சரி, இனிப்பும் சரி.
ஒரு சொல்லும் பொய்யில்லை.
உள்ளே விழுந்தவளுக்கு ஆட்டம் கிடையாது.

துணியை வாங்கி வாழையிலையில் உதறினேன்.
பெரும்பாலும் அசையவில்லை.
ஒன்பதோ பத்தோ மெல்லப் புரண்டு
பசை ஒட்டிய இறகை வெயிலில் வைத்தன,
ஒன்றையொன்று நக்கிக் கொடுத்தன.
"பாவம்" என்றார் தங்கையன்,
எனக்கு ஒரு டம்ளர் அக்கானி நீட்டியபடி.
குடித்தேன். என்ன செய்ய, நல்ல இனிப்பு.

திரும்பி வந்து துணியை விலக்கினால்
இன்னும் ஆடுகிறாள். இப்போது மூன்று பேர் ஆடுகிறார்கள்.
கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தி வந்தாள்,
காலில் சுண்ணாம்பு வெள்ளை.
ஆடுகிறவளின் விலாவில் தலையால் ஒரு முட்டு.
கண்ணாடியில் காதை வைத்தேன்.
கீச்சென்று ஏதோ; கேட்டதா, நினைத்தேனா?
ஆட்டம் நின்றது. ஒரு மூச்சு நேரம்.
பிறகு மறுபடி அதே சாய்வு.
மறுபடி முட்டு.

துணியை இறக்கிவிட்டேன்.
உள்ளே யார் பேச்சு எடுபட்டதென்று
நாளைக் காலை
தங்கையனின் அரிதுணியில் பார்க்க வேண்டும்.