ஐந்து ஞாயிறு வரும் மாதம்

மின்சார பில்லின் பின்பக்கம் வெறுமையாய்க் கிடந்தது.
அதில்தான் தொடங்கினேன்.

இங்கே லேப்பில் நாற்பத்தோராயிரம்.
கொழும்பில் அறுபத்தெட்டு.
நடுவில் இருபத்தேழாயிரம் ரூபாயும்
இரவு முழுக்க ஓடும் ஒரு மெயிலும்.

ஞாயிறு ஏழு மணிக்கு வெளிக்கிட வேணும்.
வெள்ளி இரவு கோட்டையில் ஏறினால்
சனி விடியச் சீனக்குடாவில் உப்புக் காற்று முகத்தில் படும்.
மாதம் எட்டுப் பயணம்.
மூன்றாம் வகுப்பு, சீட் பதியாமல், தொள்ளாயிரம்.
எட்டுத் தரம் ஏழாயிரத்து இருநூறு.
இரண்டாம் வகுப்பையும் எழுதிப் பார்த்தேன்,
பார்க்கத்தான்.

கிண்ணியா ஜெஸிமா மூன்று வருடம் இப்படிப் போய்வந்தவள்.
போனில் சொன்னாள்:
"கந்தளாய்க்கு முன்னமே மூலைச் சீட்டைப் பிடி.
கல்லோயாவில சனம் ஏறினா காலை நீட்ட ஏலாது.
செருப்பைக் கழட்டினா பேக்குக்குள்ள வை.
துலைஞ்சா எவ்வளவு எண்டும் எழுது."
சிரித்தாள். நான் எழுதவில்லை.

வெள்ளவத்தையில் நாலு பேருக்கு ஓர் அறை,
என் பங்கு பதினோராயிரம்.
ஜன்னல் பக்கக் கட்டிலுக்கு ஆயிரம் கூட,
கதவுப் பக்கம் போதும் என்றேன்.
சமைக்கக் கூடாது, கேத்தல் மட்டும் வைக்கலாம்.
பகல் பார்சல், இரவு பாணும் பருப்பும்: ஆறாயிரம்.
விடிகாலை நாலு மணிக்குக் கோட்டையில் இறங்கி
முதல் பஸ் வரும்வரை வாங்கில் இருக்கக் காசில்லை.
முகம் கழுவக் காசு.
அந்தச் சில்லறையைச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டேன்.

மிச்சம் இரண்டாயிரத்து எண்ணூறு.
இரண்டு தரம் கூட்டினேன். அதேதான்.

பிறகு யானை.
ஹபரணைக் காட்டுக்குள் மெயில் ஊர்ந்துதான் போகுமாம்.
சில இரவு நின்றேவிடுமாம்,
கூட்டம் தண்டவாளத்தைக் கடந்து முடியும்வரை.
எட்டரைக்குக் கைரேகை வைக்காவிட்டால்
அரை நாள் சம்பளம் இல்லை.
மாதத்துக்கு ஒன்று என்று வைத்து
'யானை' என்று எழுதி, எதிரே
ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தைந்து போட்டேன்.
தோளுக்குப் பின்னால் நின்ற குகதாசன் கேட்டான்:
"குட்டியும் வந்தா?"

மிச்சம் ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தைந்து.

இதற்காகவா, வாரத்தில்
சனி இரவு மட்டும் வீட்டில்?
அவன் கேட்கவில்லை.
நானும் என்னைக் கேட்கவில்லை, விடை தெரியும்.
அந்த லேப்பில் ஒரு மெசின் இருக்கிறது.
ஒரு துளி இரத்தத்திடம் நாற்பது கேள்வி கேட்கும்.
பதினொரு வருடமாய் நான் இங்கே
சீனி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று
இரண்டே கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
எனக்கு அந்த மெசின் வேண்டும்.
இதை எந்த வரியில் போடுவது?

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தால்
பில்லின் அடியில்
அவனுடைய சாய்ந்த எழுத்து:
பிளாட்போம் டிக்கெட், இரண்டு பேர்,
இருபது ரூபாய்ப்படி நாலு ஞாயிறு. நூற்றறுபது.

"கேட்டுக்கு வெளியில நிண்டு கை காட்டினா காசில்லையே" என்றேன்.
"மிதுலனுக்கு எஞ்சின் பாக்க வேணுமாம்."
மிதுலன் எட்டு மணிக்கே
வாயைத் திறந்தபடி நித்திரை.

அந்த வரியை நான் வெட்டவில்லை.
மிச்சம் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து.

கலண்டரைப் புரட்டியவன் அவன்தான்.
மார்ச்சில் ஐந்து ஞாயிறு.
பத்துப் பயணம்,
பயணத்துக்கு ஆயிரத்து எண்ணூறும்
பிளாட்போமுக்கு நாற்பதும் கூட.
கடன் எழுநூற்று நாற்பத்தைந்து.

பென்சிலை வாங்கிக்கொண்டேன்.
அறை அப்படியே இருக்கட்டும்.
பாணும் பருப்பும் இதைவிடக் குறையாது.
நாற்பது ரூபாயைத் தொட மனமில்லை.
மார்ச் மாதத்து யானையை அடித்துவிட்டேன்.

மிச்சம் எண்ணூறு.