மூச்சு விட்டது யார்?

பசார்ஜிக் நகருக்கு வெளியே
சூரியகாந்தி அறுத்து முடிந்த வயலில்
நாங்கள் நாற்பது பேர் செத்துக் கிடந்தோம்.
நாளொன்றுக்கு எழுபது லெவா,
மதியம் பீன்ஸ் சூப், ரொட்டி.
முகம் தெரியச் சாகிறவர்களுக்குப் பத்து அதிகம்.
எனக்குப் பத்து அதிகம்.

அஞ்சலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு
சுடப்பட்ட விவசாயியின் மனைவியாக
மல்லாந்து கிடந்தேன்.
என் முழங்கையில் ஸ்வெதானின் தலை.
பதினோராம் எண் பேருந்தை ஓட்டுகிறவர்;
முந்தின இரவு நிறையப் பூண்டு தின்றிருக்கிறார்.
காலடியில் கலோயான்.
டயர் கடைப் பையன். கம்பளி உடுப்பு அரிக்கிறதென்று
காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தான்.

மேகம் நகரட்டும் என்று கேமராக்காரர்கள் காத்திருக்க
பிணங்களுக்குப் பேச்சு வந்தது.
உலகத்திலேயே பெரிய நடிகர் யார்?
தொடங்கியது யாரென்று நினைவில்லை.
உயிரோடு இருப்பவர்களில் மட்டும் என்று
நிபந்தனை போட்டது நான்தான்.
செத்தவர்களையும் சேர்த்தால்
விடிய விடியச் செத்துக் கிடக்க வேண்டியிருக்கும்.

ஸ்வெதான் அடித்துச் சொன்னார்,
டேனிஷ்காரர் ஓவே கிரான்லுண்ட்.
"முதுகைக் காட்டி நின்றே அழவைக்கிறான் மனுஷன்."
"முதுகு கழுதைக்கும் இருக்கிறது"
என்றது தொப்பியால் முகம் மூடிய ஒரு பிணம்.
அதன் கட்சி ஒரு பிரெஞ்சுக்காரி:
"சூப்பை அவள் ஊதுகிற ஊதலிலேயே தெரிந்துவிடும்,
புருஷன் இனி வரமாட்டான் என்று."
"சூப் பேச்சை எடுக்காதே, பசிக்கிறது."
நான் எங்கள் படத்தின் நாயகனையே சொன்னேன்.
சோறு போடுகிறவன் அல்லவா.
எல்லோரும் சிரித்ததில் வயல் குலுங்கியது.

கலோயான் மட்டும் யோசித்துச் சொன்னான்:
தோதோர் பெலிஷ்கோவ்.
ஒரு படத்தில் மூன்று நிமிடம்
அந்த ஆள் சவரம் மட்டுமே செய்வாராம்.
"எங்கள் வீட்டில் அப்பா இல்லை.
தாடையை எந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பது,
மூக்கின் கீழே எப்படி மூச்சை அடக்குவது,
எல்லாம் அவரைப் பார்த்துத்தான்."

"அவர் கணக்கில் வரமாட்டாரே தம்பி,"
ஸ்வெதான் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.
"போன மார்ச்சிலேயே போய்விட்டார்.
ரேடியோவில் வந்ததே,
வானிலைக்கும் கால்பந்துக்கும் நடுவில்."

கலோயான் பதில் பேசவில்லை.
என் கணுக்காலில் சாய்ந்திருந்த அவன் பூட்ஸ்
கொஞ்சம் விலகியது, அவ்வளவுதான்.

மேகம் நகர்ந்தது. விசில்.
நாற்பது பேரும் பழையபடி செத்தோம்.

நாயகன் வந்து என்னருகே மண்டியிட்டான்.
கண்ணுக்குக் கீழே தடவிய மெந்தால்
என் மூக்கையும் எரித்தது.
நல்லவன், என் கைமேல் முழங்கால் படாமல் பார்த்துக்கொண்டான்.
ஒரு சொட்டு என் காதுக்குள் விழுந்தது, வெதுவெதுப்பாக.
குறை சொல்ல முடியாத அழுகை.

அப்போதுதான் என் காலடியில்
ஏதோ குலுங்கத் தொடங்கியது.

"கட்!"
ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் வைதார்கள்.
பிறகு மொழிபெயர்க்கும் பெண், பல்கேரிய மொழியில், பணிவாக:
"மூன்றாம் வரிசையில் மூச்சு விட்டது யார்?"

வயலில் காக்கை மட்டும் பேசியது.
ஸ்வெதான் கையைத் தூக்கினார்.
"நான்தான். தும்மல்."
அவர் கூலியில் பத்து லெவா பிடித்தார்கள்.

ஒப்பனைக்காரப் பெண் ஓடிவந்து
கலோயானின் முகத்தைத் திருப்பினாள்.
சேற்றின்மேல் சுத்தமான இரண்டு கோடுகள்.
எதுவும் கேட்காமல்
அவற்றின்மேல் பழுப்பை அப்பினாள்.

திரும்பும் பேருந்தில் வழக்கு மறுபடி சூடு பிடித்தது.
ஸ்வெதான் டேனிஷ்காரரை விட்டு இறங்கவே இல்லை.
நிபந்தனையை எடுத்துவிடலாம் என்றேன்.
யாருக்கும் காதில் விழவில்லை.
கலோயான் ஜன்னலில் தலை சாய்த்து,
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
பகலெல்லாம் இவ்வளவு நன்றாக அவன் செத்திருக்கவில்லை.
காதுக்குக் கீழே, சவரக்கத்தி படாமல்,
ஒரு விரற்கடை அகலத்துக்கு முடி.