நாற்பத்தேழாம் எண்

ஏழாம் பக்கத்தின் அடியில்
விளம்பரம் சிக்காத இடத்தை
நிரப்புகிறவன் நான்.
மூன்று கால் கோழி,
மூக்கு முளைத்த உருளைக்கிழங்கு,
தன் கல்லறைக்குத் தானே வாடகை கட்டிவந்த கிழவர்,
எதுவானாலும் நான்கு வரி.
ஐந்தாவது எழுதினால்
அச்சுக்கூடத்து ரெய்னால்டோ நறுக்கிவிடுவான்,
மீனுக்கு வால் நறுக்குவதுபோல.

செவ்வாய்க்கிழமை இதழில் வந்தது இது:

கெயூமோ துறைமுகம். நேற்றுக் காலை
பதிவு அலுவலகத்தில் கடற்சிங்கம் ஒன்று புகுந்தது.
யாருக்கும் காயமில்லை.
மாலையில் தானாகவே வெளியேறியது.

அவ்வளவுதான்.
ஆனால் நான் அங்கேதான் இருந்தேன்,
வீட்டுப் பத்திரத்தோடு,
கையில் ஐம்பத்திரண்டாம் எண்.

சிலியின் தெற்கே எங்கள் ஊரில்
மழை விடுமுறை எடுப்பதில்லை.
எனவே கதவு திறந்து
ஈரமாக ஏதோ வந்தபோது
யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
பெயரில்தான் சிங்கம்.
பிடரி முளைக்காத வயசு,
கர்ஜிக்க வேண்டிய வாயில் ஏப்பம்,
ஏப்பத்தில் நெத்திலி வாடை.

சீட்டு இயந்திரத்தை மூக்கால் இடித்தது.
இயந்திரம் நாக்கை நீட்டியது: நாற்பத்தேழு.
முகர்ந்தது, விழுங்கியது,
பிறகு காத்திருக்கத் தொடங்கியது,
எங்கள் எவரையும்விட ஒழுங்காக.

"நாற்பத்தேழு" என்றாள்
கண்ணாடிக்குப் பின்னால் எர்மெலிந்தா.
"நாற்பத்தேழு!"
கல்லுளிமங்கன் மாதிரி
அது அவளையே பார்த்துக் கிடந்தது.
அடுத்த எண்ணைக் கூப்பிட வழியில்லை.
வந்தவர் வந்த காரியத்தைக்
குறித்தால்தான் கணினி நகரும்.
திரையில் மூன்றே கட்டங்கள்:
பிறப்பு. திருமணம். இறப்பு.

"பிறப்புன்னு போடு, வயிற்றைப் பார்" என்றான் ஒரு பையன்.
"திருமணம்தான். பெண் வீட்டார் வரவில்லை,
அதுதான் இந்த முகம்" என்றார்
கறிக்கடை உபால்தோ.
சிரித்தோம்.
மூன்றாவதை யாரும் சொல்லவில்லை.

நாற்பத்தெட்டாம் எண்ணோடு நின்றிருந்தார்
ஒதிலியோ பாரியா.
சட்டையில் காலருக்கு மட்டும் இஸ்திரி;
மீதியை இத்தனை வருஷமாய்த் தேய்த்தவள்
தீவில் அடக்கமாகி எட்டு நாள்.
கையில் மருத்துவர் எழுதிய தாள்,
நான்காய் மடித்தது.

நிற்க முடியாமல்
விலங்குக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.
தாளைப் பிரித்து
இன்னொரு முறை படித்தார்.
அப்போதுதான் அது தும்மியது.

அப்படி ஒரு தும்மலை
நான் பார்த்ததில்லை.
மருத்துவரின் கையெழுத்து
ஊதா ஆறாகி
ஒதிலியோவின் முழங்காலில் இறங்கியது.

எர்மெலிந்தா வெளியே வந்து
தாளை வெளிச்சத்தில் பிடித்தாள்.
அவள் முகத்தில் விதிமுறையும்
வேறு ஏதோவும் மல்லுக்கட்டின.
"செல்லாது, தோன் ஒதிலியோ.
புதுசா வாங்கணும்.
மருத்துவர் படகு வியாழக்கிழமைதான்."

"அதுவரை?"

"அதுவரை எங்கள் கணக்கில்
அவர் உயிரோடுதான் இருக்கிறார்."

ஒதிலியோ பதில் சொல்லவில்லை.
முதலில் தோள்தான் குலுங்கியது.
அழுகிறார் என்று நினைத்து
உபால்தோ தொப்பியைக் கழற்றினார்.
சிரிப்பு அது.
உலையில் மூடி துள்ளுவதுபோல
அடக்க அடக்க வந்தது.
"எதற்குமே நேரத்துக்குக் கிளம்பினவள் இல்லை" என்றார்.
"தேவாலயத்தில் எனக்காக நான் தனியாக
முக்கால் மணி நேரம் நின்றேன், தெரியுமா?"

கடற்சிங்கம் அவர் பூட்ஸில் தலைவைத்துத் தூங்கிவிட்டது.
மதியம் வரை அவர் காலை அசைக்கவில்லை.

இதில் எந்த நான்கு வரியை
நான் எடுப்பது?
ரெய்னால்டோவிடம் கேட்டேன்.
"காயமில்லை என்று போட்டாயா?
அது போதும்" என்றான்.

வியாழன் அன்று கடல் கொந்தளித்தது.
படகு வரவில்லை.
அதையும் எழுதினேன்,
வானிலைக் கட்டத்தில்,
ஒரே வரி.